அலை எல்லார்க்கும் பொது, கரை யாருக்கு?

கிழக்கிலங்கையில், பொத்துவில் நகருக்குத் தெற்கே, அறுகம்குடா என்றொரு கடற்கரைச் சிற்றூர் உண்டு. உள்ளூர் மக்கள் அதனை உல்லை என்று வழங்குவர். சித்திரை பிறந்தது முதல் ஐப்பசி வரை அங்கே கடல் தனிக்கோலம் கொள்கிறது. தென்மாகடலிலே பிறந்து வரும் நீண்ட அலைகள், கரையின் பாறை முனைகளைச் சுற்றித் திரும்பி, ஒன்றன்பின் ஒன்றாய் ஒழுங்கு குலையாமல் உடைகின்றன. அவ்வலைகளின்மேல் பலகையில் நின்று சறுக்கி வரும் இன்பத்துக்காக உலகின் நாலா திசையிலிருந்தும் இளைஞர் வருகின்றனர். முதுகிலே ஒரு பை. கையிலே சொற்பப் பணம். அவசரம் எதுவுமில்லாத மனம். இரண்டு நாட்கள் தங்க வந்தவர் இரண்டு மாதங்கள் தங்கிவிடுகிறார். எமது மானிப்பாய் இளைஞர் சிலரும் இப்போது மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பஸ் ஏறி அங்கே போகத் தொடங்கியிருக்கின்றனர்.

இது பற்றி ஓர் அரசியல் வார ஏட்டில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. அறுகம்குடாவைப் பற்றி நம் நாட்டில் இன்று இரண்டு குரல்களே கேட்கின்றன. ஒன்று, மருதடி விநாயகர் கோயில் வீதியிலும் கேட்கும் குரல்: “வெள்ளைக்காரன் விளையாட்டு, ஊரைக் கெடுக்கும் கூத்து, நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கலாகாது.” மற்றது, கொழும்பிலிருந்து எழும் குரல்: “டொலர் வருகிறது, வாயை மூடிக்கொண்டு இடத்தைக் காலி செய்.” முதற்குரல் அறியாமையாலே எழுந்தது. இரண்டாவது குரல் எல்லாம் அறிந்தே எழுகிறது. இரண்டையும் நாம் மறுக்கிறோம்.

முதலில் இவ்விளையாட்டு யாதென்று பார்ப்போம். புதிதாகக் கற்க வருபவரை, அலை சிறுத்து மணல் விரிந்த ‘பேபி பொயின்ற்’ என்னும் இடத்துக்கு அழைத்துச் செல்வர். மென்மையான பெரும்பலகை ஒன்றைக் கொடுத்து, முதலிலே மணலிற் கிடத்தி, குப்புறப் படுக்கவும், இரு கைகளாலும் நீரை வலிக்கவும், கைகளை ஊன்றி ஒரே மூச்சில் எழுந்து முழங்கால் மடித்து நிற்கவும் பழக்குவர். பின்னர் இடுப்பளவு நீரில், நுரைத்துவரும் அலை நெருங்கும் கணத்தில், ஆசிரியர் பலகையைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளுவார். முதல் நாள் முழுவதும் விழுவதே படிப்பு. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஐந்து விநாடி நிற்க முடிந்தால், அந்த மாணாக்கர் முகத்திலே தோன்றும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை. தேறியவர் பாறையும் கடல்முள்ளும் நிறைந்த ‘மெயின் பொயின்ற்’ அலைக்குப் போவர்.

அந்தப் பலகையைத் தள்ளிவிடும் ஆசிரியர் யார்? பெரும்பாலும் அவ்வூர்க் கடற்றொழிலாளரின் மகன். தந்தை விடியற்காலையில் எந்த நீரிலே வள்ளம் தள்ளினாரோ, அந்த நீரிலேதான் மகன் பலகை தள்ளுகிறான். எந்த முகிலுக்கு எந்தக் காற்று, எந்தக் காற்றுக்கு எந்த அலை என்பதை அவன் எந்தப் புத்தகத்திலும் கற்கவில்லை. உலகம் சுற்றி வந்தவரும் அவன் சொற்கேட்டே நீரில் இறங்குகிறார். நெய்தல் நில மக்களின் பரம்பரை அறிவு, இங்கே பிறநாட்டாருக்கு ஆசானாக நிற்கிறது. இதனை வெள்ளைக்காரன் கூத்து என்று இகழ்வது நம்மை நாமே இகழ்வதாகும். கட்டுமரத்திலே அலையேறிக் கரைசேர்ந்தவர் நம் கடலோடிகள். ‘கட்டமரன்’ என்று ஆங்கிலேயர் வழங்கும் சொல்லே நம் கடற்கரையிலிருந்து எடுத்துச் சென்ற சொல்தான்.

தமிழகத்தைப் பாருங்கள். சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்தில் மீனவக் குலத்து இளைஞர்கள் இவ்வித்தையைக் கற்றுத் தேர்ந்து, தம் ஊர்ச் சிறுவர்க்கும் வந்தவர்க்கும் கற்பிக்கின்றனர். மாமல்லபுரத்திலே 2023ஆம் ஆண்டில் சர்வதேசப் போட்டியும், 2025ஆம் ஆண்டில் ஆசிய வல்லவர் போட்டியும் நடைபெற்றன. அறுகம்குடாவிலும் 2019 செப்டெம்பரில் உலகச் சுற்றுப்போட்டிகளில் ஒன்று நடந்தது. தோக்கியோ ஒலிம்பிக்கிலே இது முதன்முறையாக இடம்பெற்றுவிட்டது. இன்னும் இதனை வேலையற்றவர் பொழுதுபோக்கு என்று பேசுவது, காலத்தை அறியாத பேச்சு.

பெண்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடலுக்கும் பெண்ணுக்கும் என்ன தொடர்பு என்று கேட்ட ஊரிலே, 2018ஆம் ஆண்டில் அறுகம்குடாப் பெண்கள் தமக்கென ஓர் அலைச்சறுக்குச் சங்கம் அமைத்தனர். இலங்கையில் இத்தகைய பெண்கள் சங்கம் அதுவே முதலாவது. தாய்மார் அதிலே முன்னின்றனர். ஆழிப்பேரலை எத்தனையோ பேரைக் கொண்டுபோன கடலிலே, அச்சத்தை விட்டு இறங்கிய பெண்கள் அவர்கள். ஒழுக்கம் பற்றிப் பேசும் பெரியோர் அவர்களின் துணிவுக்குத் தலைவணங்குவதே ஒழுக்கம்.

மானிப்பாய் மக்களுக்கு இவ்விடயத்தில் ஒரு பழைய தொடர்பும் உண்டு. அலைச்சறுக்கின் தாயகம் பசிபிக் மாகடலிலே உள்ள பொலினீசியத் தீவுகள். அவற்றுள்ளும் ஹவாய்த் தீவுகளே அதற்குப் பெயர்பெற்றவை. அங்கே அரசரும் அரசியரும் குடிகளும் அலையேறினர். 1820ஆம் ஆண்டில் ஹவாயில் இறங்கிய மிஷனரிமாரை அனுப்பிய அமெரிக்கச் சபை எது தெரியுமா? 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு மிஷனரிமாரை அனுப்பிய அதே சபை. வட்டுக்கோட்டையிலே செமினரியும் உடுவிலிலே பெண்கள் கல்லூரியும் நிறுவிய அதே அமெரிக்க மிஷன். 1848இல் நம் மானிப்பாயிலே வைத்தியக் கல்வியைத் தொடங்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன் அந்தச் சபையைச் சேர்ந்தவரே. கிறீன் தமிழ் கற்றார். மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். அந்நியர் ஒருவர் நம்மிடம் வந்து நம் மொழியைக் கற்று நமக்குப் பயன்பட்ட கதை அது. அதனை நாம் நன்றியோடு நினைக்கிறோம்.

ஹவாயிலே கதை வேறு வழியிற் சென்றது. வெளியிலிருந்து வந்த நோய்கள் அம்மக்களைப் பெருந்தொகையாக மாய்த்தன. எஞ்சியோரின் அலையாட்டத்தை மிஷனரிமார் நல்ல கண்ணாற் பார்க்கவில்லை. ஆயினும் எம் வாதத்துக்கு முக்கியமானது அதற்குப் பின் நடந்ததே. மானிப்பாயிலே கிறீன் வைத்தியம் கற்பிக்கத் தொடங்கிய அதே 1848ஆம் ஆண்டில், ஹவாயிலே அரசருக்கும் தலைவர்களுக்கும் பொதுவாயிருந்த நிலத்தைத் தனித்தனி உடைமையாகப் பங்கிட்டனர். 1850இல் அந்நியர் நிலம் வாங்கலாம் என்று சட்டம் செய்தனர். உறுதி எழுதிப் பதியும் வழக்கத்தையே அறியாத குடிகள் நிலத்தை இழந்தனர்; அறிந்தவர் தோட்டம் போட்டனர். 1893இல் தோட்டச் செல்வர் கூட்டம் அரசி லிலியுவோகலனியைப் பதவியிறக்கியது. 1898இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு இணைத்தது. நூறாண்டு கழித்து, 1993இல், அமெரிக்கக் காங்கிரஸ் மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. போன நிலம் மன்னிப்பினால் மீளவில்லை.

அலையாட்டமோ அழியவில்லை! அது உலகெங்கும் பரவிற்று. ஹவாய் மக்களின் கலை, ஹவாயின் கரைகளிலே விடுதி வைத்தோருக்கு வருமானமாயிற்று. அலை பிழைத்தது, அலைக்கு உரியவர் கரையை இழந்தனர். இப்பாடத்தை மனத்திற்கொண்டு மீண்டும் அறுகம்குடாவுக்கு வருவோம்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அடித்தது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எல்லா மாவட்டங்களிலும் அம்பாறை மாவட்டமே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது. பிணம் எடுத்து முடிவதற்குள் அரசாங்கம் ஒரு கோடு கீறியது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் யாரும் வீடு கட்டலாகாது என்றது. பேரலைக்குத் தெற்கென்றும் கிழக்கென்றும் தெரியுமோ? சரி, உயிர்ப் பாதுகாப்புக்கென்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் உறங்குகின்ற மீனவனுக்கு ஆபத்தான இடம் உறங்குகின்ற உல்லாசப் பயணிக்கு எவ்வாறு ஆபத்தற்றதாகும்? வீட்டுக்கு இறுகிய விதி விடுதிக்குத் தளர்ந்தது என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. அறுகம்குடாவைப் பெரும் உல்லாசத் தலமாக்கும் திட்டமொன்றும் அவ்வேளையிலேயே வந்தது. மக்கள் வீதியில் இறங்கி எதிர்த்தனர். கனடிய எழுத்தாளர் நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட நூலில், பேரழிவைச் சாக்காக வைத்து ஏழையின் உடைமையைப் பறிக்கும் முறைக்கு உதாரணமாக அறுகம்குடாவையே எடுத்துக் காட்டினார். பின்னர் அந்தக் கோடு தளர்த்தப்பட்டது. கோடு கீறியவர் மனப்பான்மை தளர்ந்ததா?

இல்லை என்பதற்குப் பாணமை சாட்சி. அறுகம்குடாவுக்குத் தெற்கே உள்ள பாணமை, சிங்களமும் தமிழும் கலந்து வாழும் பழைய ஊர். 2010 ஜூலையில், அதன் கரையோரக் கிராமங்களாகிய ராகம்வெல, சாஸ்திரவெல முதலியவற்றில் குடியிருந்த மக்களை ஆயுதந் தாங்கிய கூட்டம் ஒன்று இரவிலே விரட்டியது, குடிசைகள் தீக்கிரையாயின. பின்னர் அவ்விடங்களில் படைமுகாம்கள் எழுந்தன. முகாமுக்கு அருகே உல்லாசப் பயணிகளுக்கான குடில்களும் எழுந்தன! நாட்டைக் காக்கும் படைக்கு விடுதி நடத்தும் வேலை எந்தச் சட்டத்தில் விதிக்கப்பட்டுளது? மக்கள் நீதிமன்றம் சென்றனர், கொழும்பு சென்றனர், ஓயவில்லை. 2015 பெப்ரவரியில், கட்டடங்கள் இருந்த 25 ஏக்கர் நீங்கலாக 340 ஏக்கரை மக்களிடம் விடுவதென அமைச்சரவை தீர்மானித்தது. தீர்மானம் தாளிலேயே கிடந்தது. 2016இல் மக்கள் தாமே தம் காணிக்குள் இறங்கினர்.

பாணமையில் விரட்டப்பட்டோரிற் பெரும்பாலார் சிங்களம் பேசுவோர். பொத்துவிலிலும் உல்லையிலும் வாழ்வோரிற் பெரும்பாலார் முஸ்லிம் மக்கள். “இது நம் பிரச்சினையன்று” என்று யாழ்ப்பாணத்தார் எவரேனும் சொல்வாராயின், அவரை நோக்கி ஒன்று கேட்கிறோம். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த துணியோடு வெளியேறி, மானிப்பாயிலும் சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் தஞ்சம் புகுந்தார்களே, மறந்தீரோ? அவர்தம் கடற்கரையிலே, காங்கேசன்துறையிலே, போருக்குப் பின் இராணுவமே உல்லாச விடுதி நடத்தியதே, கண்டிலீரோ? மயிலிட்டி மீனவன் தன் துறையைக் காணாமல் இருபத்தாறு இருபத்தேழு ஆண்டுகள் முகாமிலே கிடந்தபோது, அவன் கரையிலே வேறொருவர் காற்று வாங்கினார். பாணமைச் சிங்களவன் கண்ணீரும் மயிலிட்டித் தமிழன் கண்ணீரும் ஒரே உப்பு. இருவரையும் பறித்த கை ஒன்றே என்பதை இருவரும் அறியாதிருக்கும்வரை அந்தக் கைக்குக் கொண்டாட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டின் பொதுச்சட்டம் உரோம-ஒல்லாந்தச் சட்டம். காற்றும் ஓடுநீரும் கடலும், கடலைச் சார்ந்த கரையும் இயற்கை நீதியால் எல்லார்க்கும் பொது என்பது ஜஸ்டினியன் காலத்திலேயே எழுதிவைக்கப்பட்ட விதி. அதன்மேல் ஆங்கிலேயர் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைச் சுமத்தினர். காடும் தரிசும் உரிமை நாட்டப்படும்வரை முடிக்குரியன என்பது அதன் ஊகம். கோப்பித் தோட்டக்காரருக்கு நிலம் தேடிக் கொடுத்தது அந்த ஊகம். இன்று முடி இல்லை. ஊகம் மட்டும் இருக்கிறது. மூன்று தலைமுறையாக வாடி போட்டுக் கரைவலை இழுத்தவன் உறுதி காட்டமாட்டாமல் நிற்கிறான். நேற்று வந்த கம்பனி குத்தகைப் பத்திரம் காட்டுகிறது.

ஆயினும் சட்டத்திலே நமக்கு ஆயுதம் இல்லாமலில்லை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர் நீர்மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கட்டட வேலையை அனுமதிக்கு உட்படுத்துகிறது. எப்பாவலைப் பொசுபேற்று வழக்கிலே 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், நாட்டின் இயற்கை வளங்களுக்கு அரசாங்கம் மக்கள் சார்பான காவலன் என்ற கொள்கையை நிலைநாட்டிற்று. 2008இல் வாட்டர்ஸ் எட்ஜ் வழக்கிலே, பொதுத்தேவை என்று சொல்லி எடுத்த காணியைத் தனியார் உல்லாசத்துக்குக் கொடுத்தது பொதுநம்பிக்கைத் துரோகம் என்று தீர்த்தது. முன்னாள் ஜனாதிபதியே நட்டஈடு கட்ட நேர்ந்தது. இத்தீர்ப்புகள் கொழும்பு நூலகங்களிலே உறங்குவதற்காக எழுதப்பட்டவையல்ல. உல்லை மீனவன் வாயிலும் மயிலிட்டி மீனவன் வாயிலும் அவை வழங்கவேண்டும்.

“அந்நியருக்குக் காணி விற்கத் தடைச்சட்டம் 2014இல் வந்துவிட்டதே” என்பர். வந்தது. விற்கக் கூடாது என்றது; 99 ஆண்டுக் குத்தகைக்கு வழி வைத்தது. 99 ஆண்டு என்பது நான்கு தலைமுறை. வாசலைப் பூட்டிப் பலகணியைத் திறந்து வைப்பது இதுவே.

நாம் அந்நியரை வெறுப்பவரல்லேம். பையொன்றைச் சுமந்து வந்து, உள்ளூர்க் கடையிலே அப்பம் உண்டு, உள்ளூரான் வீட்டு அறையிலே படுத்து, உள்ளூர் இளைஞனிடம் அலையேறக் கற்றுப் போகும் விருந்தினர், பெருவிடுதிக்காரரைவிட ஊருக்கு நன்மை செய்கின்றார். அவர் பணம் அந்தத் தெருவிலேயே சுழல்கிறது. ஆனால் சுற்றுலா விசாவிலே வந்து கடை வைப்பதும் பாடம் நடத்துவதும் வேறு. அதனை இந்நாட்டுக் குடிவரவுச் சட்டம் அனுமதிக்கவில்லை. மீறுபவர் எந்நாட்டவர், எம்மதத்தவர் என்பது எமக்குப் பொருளல்ல; சட்டம் உள்ளூர்த் தள்ளுவண்டிக்காரனுக்கு ஒன்றும் அவருக்கு ஒன்றுமாக இருக்கலாகாது என்பதே பொருள்.

இனி, டொலர் மந்திரம் ஓதுவோருக்கு மறுமொழி. 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தன, பயணிகள் ஓடினர். 2020இல் கொள்ளைநோய் வந்தது, விமானம் நின்றது. 2022இல் எரிபொருள் இல்லை, வந்தவரும் திரும்பினர். 2024 ஒக்டோபர் 23ஆந் திகதி அமெரிக்கத் தூதரகம், அறுகம்குடாவைத் தவிர்க்குமாறு தன் நாட்டவரை எச்சரித்தது. ஒரே நாளில் ஊர் துப்பாக்கிகளால் நிறைந்தது. ஆறு ஆண்டுக்குள் நான்கு அடிகள்! விருந்தினர் வராத நாளிலும் கடலுக்குப் போகக்கூடியது வள்ளமே. அந்த வள்ளம் ஏற்றிவைக்க இடமில்லாமல் கரை முழுவதையும் விடுதிக்குக் கொடுத்துவிட்டால், அடுத்த அடி விழும்போது ஊர் எதை உண்ணும்? சறுக்குப் பலகையை அவித்து உண்ண முடியாது.

ஆகவே நாம் கோருவன இவை.

கரைவலைப் பாடுகளும் வள்ளத் துறைகளும் வாடிகளும் முதலில் அளந்து, வரைபடத்தில் ஏற்றி, சட்டப்படி பதியப்பட வேண்டும். அதன் பின்னரே எந்த விடுதிக்கும் அனுமதி பேசலாம்.

கரையோரக் காணி வெளியாருக்குக் குத்தகைக்குப் போகுமுன், ஊராருக்கும் அவர்தம் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் முதல் உரிமை வேண்டும். இது புதுமையன்று. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த நம் தேசவழமையிலே, காணியைப் பிறனுக்கு விற்குமுன் பங்காளிக்கும் உரித்தாளிக்கும் அறிவித்து, அவர் வாங்க இடமளிக்க வேண்டும் என்பது விதி. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை உறுதிப்படுத்திற்று. தேசவழமை வடக்கிலே மட்டும் செல்லும் சட்டமாயினும், அதன் நீதி எந்தக் கரைக்கும் ஏற்றது.

அலைச்சறுக்குக் கற்பிக்கும் அனுமதி, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உரியதாக வேண்டும். உயிர்காப்புப் பயிற்சியை அரசாங்கம் தமிழிலும் சிங்களத்திலும் இலவசமாக அளிக்க வேண்டும்.

படைகள் விடுதித் தொழிலை விட்டு விலக வேண்டும். பாணமையிலாயினும் காங்கேசன்துறையிலாயினும், மக்களிடமிருந்து எடுத்த கரை மக்களிடம் மீள வேண்டும்.

மானிப்பாய் இளைஞரே! அறுகம்குடாவுக்குப் போங்கள். நன்றாய் அலையேறக் கற்றுக்கொள்ளுங்கள். விழுந்து எழும்பும்போது, பலகையைப் பிடித்திருக்கும் அந்த இளைஞனிடம், அவன் குடும்பம் எந்தக் காணியில் இருக்கிறது, அதற்குப் பத்திரம் உண்டா, வள்ளம் எங்கே ஏற்றுகிறார்கள் என்று கேளுங்கள். கேட்டதை ஊருக்கு வந்து சொல்லுங்கள். பலாலியிலே விமானம் இறங்குகிறது. காங்கேசன்துறைக்கு நாகபட்டினத்திலிருந்து கப்பல் வருகிறது. பையைச் சுமந்தவர் நாளை நம் கரைக்கும் வருவார். அவர் பின்னே குத்தகைப் பத்திரத்தோடு கம்பனியும் வரும். அதற்குமுன் நம் துறைகளை நாம் அளந்து பதிந்துகொள்ள வேண்டும். அந்த வேலையை இந்த வருடமே, கிராமம் கிராமமாக, மீனவர் சங்கங்களோடு அமர்ந்து தொடங்குவோம்.